ஜாங்கோ 4.2 ஆதரவு முடியப்போகிறது: எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் கடிதம், சுருக்கமாக

ஆர்டர், பில்லிங் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் டெவலப்பர் 2025 செப்டம்பரில் எழுதியிருக்கிறார். குழுவில் அவரையும் சேர்த்து இரண்டே பேர். மென்பொருள் ஜாங்கோ 4.2 (பைதானில் வலைச் செயலிகளைக் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க், அதாவது ஆயத்தச் சட்டகம்), பைதான் 3.9 (நிரல் மொழி), போஸ்ட்கிரெஸ் 13 (டேட்டாபேஸ்) மீது ஓடுகிறது. பிறர் எழுதிய 74 பேக்கேஜ்களைச் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) சார்ந்திருக்கிறது. டெஸ்ட் கவரேஜ், அதாவது தானியங்கி டெஸ்ட்கள் தொடும் நிரலின் அளவு, மூன்றில் ஒரு பங்குதான். வாடிக்கையாளர்கள் ஏற்றும் கோப்புகள் கிளவுட் ஸ்டோரேஜுக்குப் போகின்றன. ஜாங்கோ 1 காலத்தில் தொடங்கிய கோடு (நிரல்) என்பதால் பழைய எழுத்துமுறைகள் பல அப்படியே கிடக்கின்றன.

4.2-க்கான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2026 ஏப்ரலில் முடிகிறது. இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. மார்ச்சில் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு, தனி பிராஞ்சில் (கோடின் தனி நகலில்) பைதான், டேட்டாபேஸ், ஜாங்கோ மூன்றையும் மாற்றி ஒரு வார இறுதியில் மொத்தமாக ஏற்றிவிடலாம் என்பது அவர் திட்டம். மேலாளர், "நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதை ஏன் தொடணும்?" என்கிறார். சக டெவலப்பரோ, எப்படியும் கை வைக்கப்போகிறோம், வேறு ஃபிரேம்வொர்க்கில் புதிதாகவே எழுதிவிடலாம் என்கிறார். 5.2-க்குப் போவதா, 2025 டிசம்பரில் வரவிருக்கும் 6.0-க்குப் போவதா? பணம் கட்டி நீட்டிப்பு ஆதரவு வாங்கினால் போதாதா? ஏப்ரலுக்குள் முடியாவிட்டால் என்ன செய்வது? இவை அவர் கேள்விகள்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டு பேருக்கு ஏழு மாதம் போதும். ஆனால் உங்கள் திட்டத்தில் முதல் ஆறு மாதம் வீணாகக் கழிகிறது. மூன்று பெரிய மாற்றங்கள் ஒரே இரவில் ஏறுகின்றன. திங்கட்கிழமை காலை ஒரு பக்கம் மெதுவாகத் திறந்தால், காரணம் பைதானா, டேட்டாபேஸா, ஜாங்கோவா என்று பிரித்தறிய வழி இருக்காது. பின்வாங்க நினைத்தாலும் மூன்றையும் சேர்த்தே பின்வாங்க வேண்டியிருக்கும். அதற்குள் புதிய டேட்டாபேஸில் ஆர்டர்கள் பதிவாகியிருக்கும்.

இன்னொன்றையும் திருத்திக்கொள்ள வேண்டும். உங்கள் முதல் கெடு ஏப்ரல் அல்ல. பைதான் 3.9-க்கான ஆதரவு 2025 அக்டோபரிலும், போஸ்ட்கிரெஸ் 13-க்கான ஆதரவு 2025 நவம்பரிலும் முடிகின்றன. மேலும், ஜாங்கோ 5.2 ஓட பைதான் 3.10-ம் போஸ்ட்கிரெஸ் 14-ம் குறைந்தபட்சத் தேவை. போஸ்ட்கிரெஸ் 13-உடன் இணைக்கப் பார்த்தால் 5.2 அந்த இடத்திலேயே மறுத்துவிடும். ஆகவே அடித்தளத்திலிருந்து மேலே வருவதே சரியான வரிசை.

இதற்கு வசதியான வழி ஒன்று இருக்கிறது. பழைய ஜாங்கோவும் புதிய ஜாங்கோவும் இரண்டுமே ஏற்றுக்கொள்ளும் பதிப்புகளைத் தேர்ந்தெடுங்கள். பைதான் 3.12-ஐ ஜாங்கோ 4.2 (4.2.8 முதல்) ஏற்கிறது, 5.2-வும் ஏற்கிறது. போஸ்ட்கிரெஸ் 16-உம் அப்படியே. இந்த இரண்டுக்கும் 2028 அக்டோபர் வரையாவது ஆதரவு உண்டு; 5.2-க்கான ஆதரவு முடியும் 2028 ஏப்ரலைத் தாண்டியும் அவை நிற்கும். 4.2-இல் இருந்தபடியே இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, ஒவ்வொன்றையும் புரொடக்ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் சர்வரில்) சில வாரம் ஓடவிட்டால், ஜாங்கோ மாற்றம் கடைசியில் ஒரு சின்ன வேலையாகச் சுருங்கிவிடும்.

எந்தப் பதிப்பு, எந்த வழி

5.2-க்கே போங்கள். அது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஏப்ரல் வரை வரும். 6.0 எண்ணில் பெரியதாக இருந்தாலும் அதற்கான ஆதரவு 2027 ஏப்ரலிலேயே முடிந்துவிடும். அங்கே போனால் ஓராண்டு முன்னதாகவே மீண்டும் இதே இடத்தில் நிற்பீர்கள். இரண்டு பேர் குழுவுக்கு அது தேவையில்லாத சுமை.

புதிதாக எழுதும் யோசனையை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். லாகின், அட்மின் பக்கங்கள், மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பு மாற்றம்) வரலாறு எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். அது முடியும்வரை 4.2 ஆதரவில்லாமல் இணையத்தில் நின்றுகொண்டிருக்கும். உங்கள் சகாவின் யோசனை நல்லதாகவே இருக்கலாம், ஆனால் இந்தக் கெடுவுக்கு அது பதில் அல்ல.

நீட்டிப்பு ஆதரவை விற்கும் நிறுவனங்கள் உண்மையிலேயே பழைய பதிப்புக்குத் திருத்தங்களைக் கொண்டுவந்து தருகின்றன. கால அவகாசம் வாங்க அது நேர்மையான வழிதான். ஆனால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்: ஜாங்கோவுக்கு மட்டும் பொருந்துகிறதா, பைதானுக்கும் 74 பேக்கேஜ்களுக்கும் சேர்த்தா? பேக்கேஜ் எழுதுவோர் ஆதரவு முடிந்த ஜாங்கோவை அடுத்தடுத்த வெளியீடுகளில் கைவிட்டுவிடுவார்கள். அப்போது அந்தப் பேக்கேஜ்களின் பாதுகாப்புத் திருத்தங்களும் உங்களுக்கு எட்டாது.

மேலாளரிடம் என்ன சொல்வது

ஏப்ரலுக்குப் பிறகும் மென்பொருள் ஓடும். "நின்றுவிடும்" என்று அவரிடம் சொல்லாதீர்கள். நிற்காதபோது உங்கள் சொல்லின் மதிப்பு குறைந்துவிடும். உண்மையான ஆபத்து வேறு. 5.2-இல் ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதன் விளக்கமும் திருத்தமும் எல்லோரும் படிக்கும்படி வெளியாகும். அதே ஓட்டை 4.2-இலும் இருக்கக்கூடும், அதை அடைக்க யாரும் இருக்க மாட்டார்கள். தாக்குபவருக்கு அந்தத் திருத்தமே வழிகாட்டியாகிவிடும்.

வாடிக்கையாளர் ஒப்பந்தங்களையும் காப்பீட்டு ஆவணங்களையும் எடுத்து, "ஆதரவுள்ள மென்பொருள்", "பாதுகாப்புத் திருத்தங்களை உரிய காலத்தில் இடுதல்" போன்ற விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இது உங்கள் தொழில்நுட்ப விருப்பம் என்ற நிலை மாறி நிறுவனத்தின் கடமையாகிவிடுகிறது. தள்ளிப்போடத்தான் வேண்டும் என்று மேலாளர் முடிவெடுத்தால், ஆபத்தையும் முடிவையும் மின்னஞ்சலில் எழுதி உறுதி பெற்றுக்கொள்ளுங்கள். பின்னால் அசம்பாவிதம் நடந்தால் முடிவு யாருடையது என்ற குழப்பம் வராது.

முதல் இரண்டு மாதம்: பேக்கேஜ்களும் டேட்டாபேஸும்

74 பேக்கேஜ்களையும் மூன்றாகப் பிரியுங்கள். இப்போதுள்ள பதிப்பே 5.2-இல் ஓடுபவை; புதிய பதிப்புக்கு ஏற்ற வேண்டியவை; கைவிடப்பட்டவை. ஜாங்கோ ரெஸ்ட் ஃபிரேம்வொர்க் பயன்படுத்தினால் 3.16-க்கு ஏற்றுங்கள், அது 4.2-ஐயும் 5.2-ஐயும் ஏற்கும். மற்றவற்றிலும் இரண்டு பக்கமும் பொருந்தும் பதிப்பைத் தேடி, 4.2-இல் இருக்கும்போதே வாரத்துக்குச் சிலவாக ஏற்றிவிடுங்கள். 5.2-ஐ ஆதரிப்பதாக ஒரு பேக்கேஜ் அறிவிக்கவில்லை என்பதற்காகவே அது ஓடாது என்று முடிவு கட்ட வேண்டாம், ஓட்டிப் பாருங்கள். கைவிடப்பட்ட மூன்றாவது குவியல்தான் நாள்களைத் தின்னும். அதில் சிறியவற்றின் கோடை உரிமத்தைச் சரிபார்த்து உங்கள் ரெப்போவுக்குள்ளேயே (கோடு சேமிப்பிடம்) எடுத்துக்கொள்வது, மாற்றுப் பேக்கேஜ் தேடுவதைவிடப் பல நேரம் எளிது.

டேட்டாபேஸ் மாற்றத்தைப் புரொடக்ஷன் தரவின் நகலில் குறைந்தது இரண்டு முறை ஒத்திகை பாருங்கள். போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து 16-க்கு நேராகவே தாவலாம். இடையில் நிற்கத் தேவையில்லை. போஸ்ட்கிரெஸின் பதிப்பை மாற்றும் பி.ஜி.அப்கிரேடு கருவியைப் பயன்படுத்துவீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். வழக்கமாகச் சிக்கல் வரும் இடங்கள் இவை:

மாற்றம் முடிந்ததும் தளம் படுமந்தமாகும். பழைய டேட்டாபேஸின் புள்ளிவிவரங்கள் 16-க்கு வருவதில்லை. அவை இல்லாமல் பிளானர் (தரவைத் தேடும் வழியைத் தேர்ந்தெடுக்கும் பகுதி) தவறான வழியில் தேடுகிறது. வாடிக்கையாளரை உள்ளே விடுவதற்கு முன்பே முழு டேட்டாபேஸுக்கும் அனலைஸ் (புள்ளிவிவரம் திரட்டும் கட்டளை) ஓட்டி முடியுங்கள்.

செயலியால் இணைக்க முடியாமல் போகலாம். போஸ்ட்கிரெஸ் 14 முதல் கடவுச்சொல் குறியாக்கத்தின் இயல்பு ஸ்க்ராம் முறைக்கு மாறியது. உங்கள் பயனரின் கடவுச்சொல் இன்னும் பழைய எம்டி5 வடிவில் இருக்கும். அணுகல் விதிக் கோப்பில் எம்டி5 என்று வைத்தால் இரண்டு வடிவமும் ஏற்கப்படும். பிறகு கடவுச்சொல்லை மீண்டும் அமைத்துவிட்டு ஸ்க்ராமுக்கு மாற்றுங்கள்.

ஸ்டேஜிங்கில் (ஒத்திகைச் சர்வரில்) புதிதாக உருவாக்கிய டேட்டாபேஸில் மைக்ரேஷன் "பப்ளிக் ஸ்கீமாவில் அனுமதி இல்லை" என்று நிற்கும். எல்லோருக்கும் இருந்த அந்த அனுமதி, போஸ்ட்கிரெஸ் 15 முதல் புதிய டேட்டாபேஸ்களில் நீக்கப்பட்டது. செயலியின் பயனரையே டேட்டாபேஸின் உரிமையாளராக வைத்தால் தீரும். ஏற்கெனவே இருந்து அப்கிரேடு ஆன டேட்டாபேஸில் பழைய அனுமதி அப்படியே தொடரும். அதனால்தான் புரொடக்ஷனில் ஓடுவது ஸ்டேஜிங்கில் ஓடவில்லை என்ற மயக்கம் வருகிறது.

கூடவே சர்வரின் இயங்குதளத்தையும் மாற்றுவதாக இருந்தால் நில்லுங்கள். சிஸ்டம் லைப்ரரியின் எழுத்து வரிசை விதிகள் மாறினால் உரைப் புலங்களின் இண்டெக்ஸ்கள் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்கள்) சத்தமில்லாமல் பழுதாகும். ரீஇண்டெக்ஸ் செய்தே ஆக வேண்டும்.

பைதான் 3.12

இதில் பெரும்பாலான உடைப்புகள் உரக்கச் சத்தம் போடும், அதனால் பயமில்லை. டிஸ்ட்யூட்டில்ஸ், இம்ப் மாட்யூல்கள் 3.12-இல் இல்லை. புதிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டில் (செயலிக்கென்று தனியாக வைக்கும் பைதான் சூழலில்) செட்அப்டூல்ஸ் தானாக வராது. அதை நம்பியிருந்த பழைய பேக்கேஜ்கள் இம்போர்ட்டிலேயே விழும். "அசர்ட்ஈக்வல்ஸ்" போன்ற பழைய டெஸ்ட் பெயர்களும் போய்விட்டன. பின்னணி வேலைகளை ஓட்டும் வொர்க்கர்களையும் வெப் சர்வரையும் ஒரே பைதானுக்கு ஒரே நாளில் மாற்றுங்கள். ஒன்று பழையதிலும் ஒன்று புதியதிலும் இருந்து, பைதானின் பிக்கிள் வடிவில் தரவு பரிமாறினால் தொல்லை.

ஜாங்கோ: சத்தமில்லாமல் உடைவதைத் தேடுங்கள்

ஜாங்கோவின் ஏற்பாடு உங்களுக்குச் சாதகமானது. 5.0, 5.1 இரண்டிலும் நீக்கப்பட்டவற்றுக்கான எச்சரிக்கைகள் ஏறக்குறைய எல்லாமே 4.2-இலேயே வரும். பைதான் அவற்றை இயல்பாக மறைத்துவைக்கும் என்பதால், டெஸ்ட் ஓட்டும்போது எல்லா எச்சரிக்கைகளையும் காட்டும் விருப்பத்தை இயக்குங்கள். உங்கள் கோடிலிருந்து வரும் எச்சரிக்கைகளைப் பூஜ்யமாக்கியபின், புதிதாக ஒன்று வந்தால் சிஐ (ஒவ்வொரு மாற்றத்துக்கும் டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) தோல்வியடையும்படி அமையுங்கள். ஜாங்கோ-அப்கிரேடு என்ற கருவி இயந்திரத்தனமான மாற்றங்களைச் செய்துகொடுக்கும். அது செய்ததை வரிவரியாகப் படித்துவிட்டு மெர்ஜ் செய்யுங்கள்.

ஆனால் ஓடாத கோடு எச்சரிக்காது. மூன்றில் இரண்டு பங்கை உங்கள் டெஸ்ட்கள் தொடுவதே இல்லை. கவரேஜ் எண்ணை ஏற்றுவதில் காலத்தைச் செலவிடாமல், லாகின், ஆர்டர், பில், கோப்பு ஏற்றம், மின்னஞ்சல், இரவு வேலைகள், மாத அறிக்கை ஆகியவற்றை முழுவதுமாக நடந்து பார்க்கும் 20, 30 டெஸ்ட்கள் எழுதுங்கள். ஸ்டேஜிங்கிலும் எச்சரிக்கைகளை லாகில் பதிய வைத்து இரண்டு வாரம் ஓட்டுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருபவை பிழைச் செய்தியே காட்டாத மாற்றங்கள். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் இவற்றை முதலில் தேடுவேன்.

கோப்புச் சேமிப்பு. கிளவுட் ஸ்டோரேஜை "டீஃபால்ட் ஃபைல் ஸ்டோரேஜ்" என்ற பழைய செட்டிங்கில் குறித்திருந்தால், 5.1 முதல் ஜாங்கோ அதைப் பார்ப்பதே இல்லை. பிழையும் வராது. வாடிக்கையாளரின் கோப்புகள் சர்வரின் உள்ளூர் டிஸ்க்கில் போய் விழும். கண்டெய்னரில் (ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் தனிச் சூழலில்) ஓட்டினால் அடுத்த டிப்ளாயில் (புதிய கோடை ஏற்றும்போது) காணாமல் போகும். 4.2-இலேயே "ஸ்டோரேஜஸ்" என்ற புதிய செட்டிங்குக்கு மாற்றுங்கள். அதை எழுதும்போது இயல்புச் சேமிப்பு, ஸ்டாட்டிக் கோப்புகள் இரண்டுக்குமான பதிவுகளைக் கொடுங்கள். ஒன்றை விட்டால் ஜாங்கோ தானாக நிரப்பிக்கொள்ளாது.

நேரம். பைட்ஸ் (pytz) என்ற நேர மண்டல லைப்ரரியின் மண்டலத்தை, நேரத்தோடு மண்டலத்தைச் சேர்க்கும் ஜாங்கோவின் "மேக் அவேர்" ஃபங்ஷனுக்குக் கொடுத்திருக்கிறீர்களா? 4.2 அதைச் சரியாகக் கையாளும், 5.0 முதல் அந்தச் சிறப்புக் கவனிப்பு இல்லை. விளைவாக, நியூயார்க் மண்டலத்துக்கு -5:00 என வர வேண்டிய இடத்தில் பழங்கால உள்ளூர் நேரமான -4:56 வரும். நான்கு நிமிடப் பிழையை யார் கவனிப்பார்கள்? எல்லாவற்றையும் பைதானிலேயே உள்ள ஜோன்இன்ஃபோவுக்கு மாற்றுங்கள். அடுத்து, உங்கள் செட்டிங்கில் "யூஸ் டிஇசட்" (USE_TZ, நேர மண்டலத்தைக் கணக்கில் கொள்வதா என்பது) என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 5.0 முதல் அதன் இயல்பு மதிப்பு ட்ரூ ஆகிவிடும். போஸ்ட்கிரெஸில் சேமித்த தரவு கெடாது. ஆனால் டேட்டாபேஸ் இணைப்பின் நேர மண்டலம் யுடிசிக்கு மாறுவதால், நேரடி எஸ்க்யூஎல் எழுதிய அறிக்கைகளில் நள்ளிரவை ஒட்டிய பில்கள் வேறு தேதிக்கு நகரும். இப்போதே அந்த வரியை ஃபால்ஸ் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். ட்ரூவுக்குப் போவதை, அப்கிரேடு முடிந்து சில மாதம் கழித்துத் தனி வேலையாக எடுக்கலாம்.

பழைய கடவுச்சொற்கள். ஜாங்கோ 1 காலத்தில் தொடங்கிய செயலி என்றதும் இதைத்தான் நினைத்தேன். கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் பழைய எஸ்எச்ஏ1 ஹாஷர் 5.1-இல் நீக்கப்பட்டது. பயனர் அட்டவணையில் கடவுச்சொல் புலம் எஸ்எச்ஏ1 முன்னொட்டோடு தொடங்கும் வரிசைகள் எத்தனை என்று இன்றே எண்ணிப் பாருங்கள். பல ஆண்டுகளாக உள்ளே வராத கணக்குகளாகத்தான் இருக்கும். சில நூறு என்றால் ரீசெட் மின்னஞ்சல் போதும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அந்த ஹாஷின் மேல் பிபிகேடிஎஃப்2 (ஜாங்கோவின் இப்போதைய வலுவான முறை) உறை போடும் மைக்ரேஷனை 4.2-இலேயே ஓட்டலாம்.

மற்றவை சுலபமாகத் தெரிந்துவிடும். லாக்அவுட்டைச் சாதாரண இணைப்பாக வைத்திருந்தால் 5.0-இல் 405 பிழை (இந்த முறையில் கேட்க அனுமதியில்லை) வரும், போஸ்ட் படிவமாக்குங்கள். டேபிள் குறிகளுக்குள் படிவத்தை அப்படியே அச்சிட்ட இடங்களில் டிவ் குறிகள் வந்து பக்கம் குலையும். "இண்டெக்ஸ் டுகெதர்" இருந்தால் "இண்டெக்ஸஸ்"-க்கு மாற்றி, மைக்ரேஷனை ஜாங்கோவையே உருவாக்கச் சொல்லுங்கள். அது பெயர் மாற்றமாக எழுதும், நொடியில் முடியும். கையால் நீக்கிச் சேர்த்தால் பெரிய அட்டவணையில் எழுதுவது தடைபட்டு நிற்கும்.

பிராஞ்சில் 5.0, 5.1, 5.2 என்று படிப்படியாக ஏறி ஒவ்வொன்றிலும் டெஸ்ட் ஓட்டுங்கள். எது எங்கே உடைந்தது என்று தெரியும். புரொடக்ஷனுக்கு 5.2 மட்டும் போகட்டும். அந்த டிப்ளாயில் புதிய அம்சமோ டேட்டாபேஸ் அமைப்பு மாற்றமோ எதுவும் சேரக்கூடாது. அப்படி இருந்தால் பின்வாங்குவது பழைய இமேஜை (முந்தைய கோடின் தொகுப்பை) மீண்டும் ஏற்றுவதோடு முடிந்துவிடும். முதல் வாரத்தில் லாகின் நேரத்தில் சிபியு கொஞ்சம் உயரும்: கடவுச்சொல் ஹாஷின் சுற்றுகள் 4.2-இல் 6,00,000, 5.2-இல் 10,00,000, ஒவ்வொரு பயனரும் முதல்முறை நுழையும்போது ஹாஷ் புதிதாக எழுதப்படும். அதைப் பார்த்துப் பதறிப் பின்வாங்க வேண்டாம்.

கால அளவில், டேட்டாபேஸ் நவம்பருக்குள், பைதான் டிசம்பருக்குள், எச்சரிக்கைகள் ஜனவரிக்குள், 5.2 பிப்ரவரியில் என்று வையுங்கள். மார்ச் முழுவதும் கையிருப்பு. மற்ற வேலைகளை நிறுத்தத் தேவையில்லை. எல்லாம் முதன்மை பிராஞ்சில் சிறுசிறு மாற்றங்களாகவே போகின்றன. வாரத்தில் இரண்டு நாள் ஒருவருக்கு ஒதுக்கினால் ஓடும்.

ஏப்ரலுக்குள் முடியாவிட்டால்

சில வாரம் தாண்டுவது பேரழிவு அல்ல, கவனிக்காமல் தாண்டுவதுதான் ஆபத்து. 4.2-இன் கடைசித் திருத்த வெளியீட்டை ஏற்றிவிடுங்கள். அட்மின் பக்கங்களை விபிஎன்னுக்குள் (உங்கள் ஆட்கள் மட்டும் நுழையும் தனி இணைப்புக்குள்) வையுங்கள். ஜாங்கோவின் பாதுகாப்பு அறிவிப்புகளை உங்களில் ஒருவர் வெளியான அன்றே படிக்க வேண்டும், 5.2-க்கு வந்த திருத்தம் நீங்கள் பயன்படுத்தும் பகுதியைத் தொடுகிறதா என்று பார்த்து, தொட்டால் அதை 4.2-இன் உங்கள் நகலில் கையால் இட வேண்டும். பெரும்பாலான திருத்தங்கள் சில பத்து வரிகள்தான். ஆனால் இந்த நிலைக்கு ஒரு முடிவுத் தேதி குறித்து அதையும் மேலாளரிடம் எழுத்தில் பெறுங்கள். போஸ்ட்கிரெஸையும் பைதானையும் அதற்குள் மாற்றி முடித்திருந்தால், மீதமிருப்பது இரண்டு மூன்று வார வேலைதான்.